பழைய வானொலிப் பெட்டியும் தங்கவயல் தமிழரும்



பழைய வீட்டைக் காலிசெய்யும் நாளில் பரண்மேலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்குவதுண்டு. முன்புறத்தில் மங்கிய பொன்னிறத் துணி. அதன் கீழே ஊர்ப் பெயர்கள் எழுதிய நீண்ட கண்ணாடி. இரண்டு மூன்று திருகுகள். இறக்கியவர் தூசியைத் தட்டிவிட்டு, "தாத்தா கேட்ட ரேடியோ இது" என்பார். சிறிது நேரம் எல்லோரும் அதைச் சூழ்ந்து நிற்பார்கள். பிறகு இரண்டு யோசனைகள் பிறக்கும். பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்பது ஒன்று. மின்சாரத்தில் செருகிப் பார்க்கலாம் என்பது மற்றொன்று. இரண்டும் வேண்டா என்று கேட்டுக்கொள்வதற்கே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

அந்தப் பெட்டி ஒரு சரித்திர ஏடு. ஏட்டைப் பாதுகாக்கும் முறை தமிழருக்குப் புதிதன்று. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டது முதல் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை மீட்டுத் தந்தார். ஏடு செல்லரித்துச் சொல் மறைந்த இடத்தில், தம் புலமையைக் கொண்டு ஒரு சொல்லை இட்டு நிரப்புவது அவர் வழக்கமன்று. மறைந்ததை மறைந்ததென்றே காட்டினார். பாடபேதங்களைக் குறித்தார். பழைய வானொலிப் பெட்டியைச் செப்பனிடுவோரும் இந்த நெறியையே கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதன் பொருளை விளக்க, ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். மின்சாரமும் தமிழும் விந்தையான முறையில் கலந்து வாழ்ந்த ஊர் அது. கோலார் தங்கவயல் என்பது அதன் பெயர்.

கர்நாடக மாநிலத்தின் கிழக்குக் கோடியில், ஆந்திரமும் தமிழகமும் நெருங்கிவரும் மேட்டு நிலத்தில் தங்கவயல் அமைந்திருக்கிறது. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்களைச் சுற்றிக் குடியிருப்புகள் எழுந்தன. ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் கடைவீதிகளாக வளர்ந்தன. ஆட்சி மைசூர் மகாராஜாவுடையது; முதல் போட்டது ஆங்கிலக் கம்பெனி; சுரங்கத்தின் அடியில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் பேசிய மொழி தமிழ். தெலுங்கும் கன்னடமும் பக்கத்திலேயே ஒலித்தன. அத்தமிழர் எழுத்தறியாத கூட்டமாக இருந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் நிறுவிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இந்தத் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது.

இவ்வூருக்கு மின்சாரம் வந்த கதை நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் நீர்மின் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கிற்று. அங்கே பிறந்த மின்சாரம் 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர், கம்பிவழியே சென்று தங்கவயலை அடைந்தது. உலகிலேயே நெடுந்தொலைவு சென்ற மின் தடங்களுள் ஒன்றாக அது அந்நாளில் எண்ணப்பட்டது. திட்டத்தை வகுத்தவர் ஜோலி டி லாட்பினியர் என்னும் பொறியியலார். அதற்கு அரசின் துணையைத் தேடித் தந்தவர் மைசூர்த் திவான் சர் கே. சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர் அவர். 1901-இலேயே காலமாகிவிட்டமையால், தாம் தொடங்கிவைத்த பணியின் ஒளியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். தலைநகரத்துக்கும் முன்னதாகச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது என்றால், அது யாருக்காக வந்தது என்பது விளங்கும். பாறையை அரைக்கும் ஆலைகளுக்கும், ஆட்களை இறக்கி ஏற்றும் இயந்திரங்களுக்குமே அது முதலில் வந்தது. ஆயினும், தஞ்சை வயல்களுக்குப் பாயும் அதே காவிரி, வழியில் ஓரிடத்தில் விழுந்து, தாய்நாடு விட்டு வந்த தமிழர் உழைத்த சுரங்கத்துக்கும் ஆற்றல் தந்தது என்பதை நினைக்கையில் நெஞ்சு நெகிழாமல் இராது.

அந்த மின்சாரத்தில் மற்றொரு விசேஷமும் உண்டு. சிவசமுத்திரத்தில் முதலில் உண்டாக்கப்பட்டது நொடிக்கு 25 சுழற்சியுள்ள மின்சாரம். இன்று நாடெங்கும் ஓடுவது 50 சுழற்சி. சுழற்சி குறையக் குறைய, டிரான்ஸ்பார்மரில் இரும்பு மிகுதியாக வேண்டும். 50 சுழற்சிக்கென்று செய்த டிரான்ஸ்பார்மரை 25 சுழற்சியில் மாட்டினால் அது சூடேறிக் கருகிவிடும். ஆகவே 25 சுழற்சி ஓடிய இடங்களுக்கென்று கனத்த டிரான்ஸ்பார்மர் வைத்த பெட்டிகள் தேவைப்பட்டன. உங்கள் பெட்டியைத் தூக்கும்போது அதன் பின்புறம் வழக்கத்துக்கு மேல் கனக்குமானால், அந்தக் கனத்திலும் ஒரு சரித்திரம் இருக்கக்கூடும். இரும்பும் சாட்சி சொல்லும் என்பது இதுவே.

இனி, மின்சாரத்தின்மேல் குரல் வந்த கதையைப் பார்ப்போம். சென்னையில் 1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை நகராட்சி 1930-இல் ஒலிபரப்பை மீண்டும் நடத்தியது. 1935-இல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒரு சிறு நிலையம் அமைத்தார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்துக்கு வழங்கியது. பிற்காலத்தில் அதுவே நாடு முழுமைக்கும் உரிய பெயராயிற்று. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் நாளும் தொடங்கின. கடல் கடந்து கொழும்பிலிருந்து இலங்கை வானொலியும் தமிழில் ஒலித்தது. பெங்களூரில் நிலையம் தொடங்கியது 1955 நவம்பரில்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்திருந்த தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நின்றது. அரசாங்க எல்லை வரைபடத்தில் கோடாக இறுகியது. வானொலி அலையோ அந்தக் கோட்டை அறியாது. தங்கவயலுக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். இந்தத் தொலைவை மத்திய அலை எவ்வாறு கடந்தது என்பதை அறிவது சுவையானது. பகலில் அது நிலத்தை ஒட்டியே செல்லும்; போகப் போக வலிமை குன்றும். மேலே, அயனி மண்டலத்தின் கீழ்ப்படலம் கதிரவன் ஒளியால் திரண்டு நின்று, வானோக்கிச் செல்லும் அலையை உண்டுவிடும். இரவு வந்ததும் அந்தப் படலம் கலைந்துவிடும். மேலுள்ள படலம் அலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்பும். அதனாலேயே பகலில் முனகலாகக் கேட்ட நிலையம் இரவில் தெளிவாகக் கேட்டது. பகல் ஷிப்டு முடித்துச் சுரங்கத்தின் அடியிலிருந்து ஏறி வந்தவர் குளித்து உண்டு பெட்டியின்முன் அமரும் நேரமும், வானம் கதவைத் திறந்துவிடும் நேரமும் ஒன்றாயிருந்தன.

அந்நாளில் ரேடியோ விலை உயர்ந்த பொருள். அதை வைத்துக்கொள்ள அஞ்சல் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் பெறவேண்டும். ஆகவே தென்னாட்டு ஊர்கள் பலவற்றில் ஒரு வீட்டுப் பெட்டி ஒரு தெருவின் பெட்டியாகவே இருந்தது. தேநீர்க் கடையின் பெட்டி ஒரு பேட்டைக்கே பொதுவாயிருந்தது. 1952 முதல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களைக் குறைத்துக்கொண்டபோது, நேயர்கள் திருகை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். அங்கே எஸ். பி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் தமிழ் தமிழகத்தையும் கவர்ந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்ததற்கு இந்தத் திருகுப் புரட்சியும் ஒரு காரணம் எனலாம். பெட்டியின் கண்ணாடியில் சென்னை, கொழும்பு, டில்லி என்ற பெயர்கள் வரிசையாக நிற்பதைக் காணும்போது, அது வெறும் அளவுகோலாகத் தோன்றுவதில்லை. புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் மனத்திலிருந்த தேசப்படமாகத் தோன்றுகிறது.

அந்தக் குரலைப் பெட்டிக்குள் பிடித்துத் தந்தவை வால்வுகள். 1904-இல் பிளெமிங் என்பவர் இரு முனை வால்வைக் கண்டார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் அதில் கம்பி வலை ஒன்றைச் சேர்த்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுக்குள் ஓர் இழை சூடேறி எலெக்ட்ரான்களை வெளிவிடுகிறது. எதிரே உள்ள தகடு அவற்றை இழுக்கிறது. நடுவிலுள்ள வலை, கால்வாயின் நடுவே இருக்கும் மதகைப் போன்றது. மதகுப் பலகையைச் சிறுவனும் அசைக்கலாம். ஆனால் அதனால் பெருவெள்ளம் கூடும், குறையும். ஏரியலில் வந்து சேரும் மிக மெல்லிய அலை வலையை அசைக்கிறது. தகட்டில் ஓடும் பெரிய மின்னோட்டம் அதற்கேற்ப ஆடுகிறது. சிறியது பெரியதாகும் இரகசியம் இவ்வளவே.

வீடுகளில் இருந்த பெட்டிகளுள் மிகப் பலவற்றில் ஐந்து வால்வுகள் இருக்கும். முதல் வால்வு எந்த நிலையத்து அலையையும் ஏறத்தாழ 455 கிலோ சைக்கிள் என்னும் ஒரே அலையாக மாற்றும். எந்த ஊர் நெல்லையும் ஒரே மரக்காலால் அளப்பது போன்றது இது. இரண்டாவது வால்வு அதைப் பெருக்கும். மூன்றாவது அதிலிருந்து ஒலியைப் பிரிக்கும். நான்காவது ஸ்பீக்கரை இயக்கும். ஐந்தாவது மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும். ஐரோப்பிய வால்வுகளின் பெயரிலேயே இலக்கணம் உண்டு. ஈ.ஸி.எச். 81 என்றால், முதலெழுத்தாகிய 'ஈ' 6.3 வோல்ட்டில் சூடேறுவது என்றும், அடுத்த எழுத்துகள் ஒரே குழலுக்குள் எவ்வகை வால்வுகள் அடங்கியுள்ளன என்றும் கூறும். நன்னூல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் முறை எளிதிற் பிடிபடும்.

முதலில் இவ்வால்வுகள் கப்பலேறி வந்தன. 1954-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் வால்வுகளை இங்கேயே செய்யத் தொடங்கிற்று. தங்கவயலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், இரயிலேறிப் போய்வரும் தூரத்தில், வால்வுத் தொழிற்சாலையே இருந்தது என்பது அந்நாளில் சிறிய செய்தியன்று.

தங்கவயலின் மண்ணுக்கடியிலும் வால்வின் இனத்துக்கு ஒரு பெருமை உண்டு. டாக்டர் ஹோமி பாபாவின் தூண்டுதலால் இளம் விஞ்ஞானி பி. வி. ஸ்ரீகண்டன் 1951-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கருவிகளுடன் இறங்கினார். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பாறையைத் துளைத்து எவ்வளவு ஆழம் செல்கின்றன என்று அளந்தார். 1965-இல் அதே சுரங்கத்தில், 7,600 அடி ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். ஒளியின் மிகச் சிறு மினுக்கை மின்துடிப்பாக மாற்றிப் பெருக்கியது ஒளிப்பெருக்கிக் குழல். அதுவும் காற்றற்ற கண்ணாடிக் குழலே. திண்ணையில் பாட்டுக் கேட்பிக்கும் வால்வுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். தரையின்மேல் ஒரு குழல் தமிழைப் பிடித்தது. தரையின்கீழ் மற்றொரு குழல் விண்ணின் செய்தியைப் பிடித்தது. உலக விஞ்ஞான வரலாற்றில் அவ்வூரின் பெயர் இதனால் நிலைத்தது.

பின்னர் மாறுதல்கள் விரைந்து வந்தன. 1947 டிசம்பரில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்ஸிஸ்டர், சில ஆண்டுகளில் வானொலியைச் சட்டைப் பையில் அடங்கச் செய்தது. மரப்பெட்டி கூடத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து பரணுக்கும் போயிற்று. லைசென்ஸ் முறை 1980-களில் ஒழிந்தது. சுரங்கங்களும் கைமாறின. 1956 டிசம்பரில் மைசூர் அரசு அவற்றை ஏற்றது. 1962-இல் மத்திய அரசுக்குச் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி அமைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கத்தின் கதவு அடைபட்டது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்த மண் அது. தொழில் போனபின் இளைஞர்கள் அன்றாடம் பெங்களூருக்கு இரயிலேறினார்கள். பலர் அங்கும் அப்பாலும் குடிபெயர்ந்தார்கள். குடிபெயர்வோர் எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல முடியாது. கனத்த மரப்பெட்டி பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது.

இப்போது அதைச் செப்பனிடும் முறைக்கு வருவோம்.

முதல் விதி: உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். முப்பது நாற்பது ஆண்டு உறங்கிய பெட்டியைத் திடீரென எழுப்பினால் அது ஒரே நொடியில் தன் டிரான்ஸ்பார்மரைப் பலிகொடுத்துவிடும். இரண்டாவது விதி உங்கள் உயிரைப் பற்றியது. உள்ளே 250 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். டிரான்ஸ்பார்மரே இல்லாமல் ஏ.ஸி., டி.ஸி. இரண்டிலும் ஓடும் பெட்டிகளும் உண்டு. கல்கத்தா முதலிய நகரங்களின் சில பகுதிகளில் நேர்மின்சாரம் வழங்கப்பட்ட காலத்தில் அவை பெரிதும் பயன்பட்டன. அவற்றின் உலோகச் சட்டமே மின்கம்பியோடு இணைந்திருக்கும், தொட்டால் ஆபத்து. ஆகவே பழகிய கையிடம் வேலையை விட்டு, நீங்கள் அருகிருந்து பாருங்கள்.

வேலை எழுதுகோலில் தொடங்கவேண்டும். பெட்டியைத் திறந்ததும், கைவைக்கும் முன், எந்த வால்வு எந்தக் குழியில் இருக்கிறது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று குறித்துப் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் மேல் பழைய மெக்கானிக் பென்சிலால் எழுதிய தேதியோ சுருக்கொப்பமோ இருக்கலாம். ஒரு வால்வு வேறு கம்பெனியுடையதாக இருக்கலாம். நூலால் கட்டிய கம்பி ஒன்று தென்படலாம். இவையெல்லாம் அந்தப் பெட்டியின் உரைக்குறிப்புகள். துடைத்து எறிந்துவிட்டால் பிறகு கிடைக்கமாட்டா.

அடுத்து, தூசியை மென்மையான தூரிகையால் நீக்குங்கள். ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடியின் உட்புறத்தை ஈரத்துணியாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்கவே கூடாது. எழுத்துகள் அப்புறத்தில்தான் இருக்கும். ஒரு துடைப்பில் சென்னையும் கொழும்பும் மறைந்துவிடும். அப்படி மறைந்த கண்ணாடிகளை நான் பார்த்திருக்கிறேன். பின்புறத்தில் மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கும் திருப்பி இருந்தால், அதை இன்றைய 230 வோல்ட்டுக்கு ஏற்ற மேல் அளவில் வையுங்கள். விரிசல் விட்ட ரப்பர் கம்பிகளை மாற்றுவது தவிர்க்கமுடியாதது.

பின்பு கண்டென்சர்கள். பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வால்வன்று. மெழுகு பூசிய காகிதக் கண்டென்சரே. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மின்சாரத்தைக் கசியவிடும். குறிப்பாக மூன்றாவது வால்வுக்கும் நான்காவது வால்வுக்கும் இடையிலுள்ள கண்டென்சர் கசிந்தால், வலையில் இருக்கவேண்டிய எதிர்மின்னழுத்தம் கெட்டு, நான்காவது வால்வு அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தை விழுங்கும். குரல் சிதையும், வால்வு கருகும், அதனுடன் இணைந்த டிரான்ஸ்பார்மரும் போகும். சில காசு பெறும் பொருள் கெட்டு, கிடைத்தற்கரிய பொருளை அழிக்கிறது. மின்சாரத்தைச் சமன்செய்யும் பெரிய கண்டென்சர்கள் உலர்ந்திருந்தால் பெட்டி 'கும்'மென்று ஓயாமல் இரையும். அவற்றையும் மாற்றவேண்டும்.

மாற்றும் முறையில்தான் பதிப்பாசிரியர் நெறி வெளிப்படுகிறது. பழைய காகிதக் கூட்டினுள்ளிருப்பதை எடுத்துவிட்டு, புதிய சிறு கண்டென்சரை அதற்குள் வைத்து மெழுகிட்டு மூடலாம். தோற்றம் பழையது, வேலை புதியது. அப்படிச் செய்தால், செய்ததை ஒரு காகிதத்தில் தேதியுடன் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவைப்பது கடமை. இல்லையேல் அது இடைச்செருகலாகிவிடும். கழற்றிய பழைய உறுப்புகளை ஓர் உறையிலிட்டு உள்ளேயே வைத்துவிடுங்கள். 25 சுழற்சிக்கான கனத்த டிரான்ஸ்பார்மர் இருந்தால், 50 சுழற்சியில் அது எத்தடையுமின்றி ஓடும். இலேசானது வேண்டுமென்று அதைக் கழற்றாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் மின்சாரம் கொடுக்கும் வேளை. நேரே செருகாமல், இடையில் 60 அல்லது 100 வாட் இழைவிளக்கு ஒன்றைத் தொடராக வைப்பது பழைய மெக்கானிக்குகளின் நல்ல வழக்கம். உள்ளே எங்கேனும் ஷார்ட் இருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியும், பெட்டி பிழைக்கும். விளக்கு ஒளிர்ந்து மங்கினால் நலம். வால்வுகளின் இழைகள் மெல்லச் சிவக்கும். அரை நிமிடம் மௌனம். பிறகு ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் எழும். அந்த அரை நிமிடக் காத்திருப்பை இக்காலக் கருவிகள் எவையும் நமக்குத் தருவதில்லை. நிலையம் கேட்கவில்லையென்று உடனே உள்ளிருக்கும் சுருள்களின் திருகாணிகளைத் திருப்புவது பெரும் பிழை. தொழிற்சாலையில் கருவி கொண்டு பொருத்திய அளவுகள் அவை. கடைசியாக, தேவையென்று அளந்து அறிந்தபின்னரே அவற்றைத் தொடவேண்டும்.

பெட்டியின் மரத்துக்கும் இதே நெறி. உளுத்த பகுதியைச் சரிசெய்யலாம், கறையைத் துடைக்கலாம், அரக்குப் பாலிஷ் மெல்லப் பூசலாம். உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் புதுமரமாக்கினால், மேலே ஒட்டிய மெல்லிய பலகையும் போகும். திருகைத் திருப்பிய விரல்கள் விட்ட தேய்வும் போகும். அந்தத் தேய்வு எந்த நிலையத்தை எத்தனை இரவுகள் தேடியதால் வந்தது என்பதை யாரும் கணக்கெடுத்ததில்லை. அதற்கென்று இருக்கும் ஒரே பதிவேடு அந்தத் திருகுதான்.

இவ்வளவும் செய்தபின் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. செப்பமான பெட்டி எதைப் பேசும்? அண்மை ஆண்டுகளில் ஆகாசவாணியின் மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்பிகள் பல நிறுத்தப்பட்டுவிட்டன. சென்னையில் பண்பலை ஒலிபரப்பு 1977-இலேயே வந்துவிட்டது. பழைய பெட்டிகளிற் பெரும்பாலானவை பண்பலையை அறியா. செவி மீண்டது, குரல் விலகிப்போனது. இதற்கு அஞ்சிச் சிலர் உள்ளிருப்பதையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு, வெறுங்கூட்டுக்குள் புதிய ஒலிபெருக்கியை வைத்துவிடுகிறார்கள். ஏட்டைக் கிழித்து அட்டையை மட்டும் வைத்துக்கொள்வதற்கு இது ஒப்பாகும்.

அதற்கு அவசியமே இல்லை. வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பின்புறத்தில் கிராமபோனை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் உண்டு. தக்க தடுப்புச் சாதனம் வைத்து, தேர்ந்தவர் கையால் இன்றைய கருவியின் ஒலியை அதன் வழியே உள்ளே அனுப்பலாம். ஏ.ஸி., டி.ஸி. பெட்டிகளில் மட்டும் இதை முயலலாகாது. பெட்டியில் ஒரு கம்பியையும் அறுக்காமல், வால்வுகளின் வழியாகவே, அந்தப் பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பிலிருந்து குரல் எழும்.

எந்தக் குரலை முதலில் கேட்பது? உங்கள் குடும்பத்தில், தங்கவயலிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ, இத்தகைய பெட்டியின் முன் அமர்ந்து கேட்ட முதியவர் ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். ஷிப்டு முடிந்து எத்தனை மணிக்கு வருவார்கள், பெட்டி யார் வீட்டில் இருந்தது, சென்னை கேட்காத இரவில் எதைக் கேட்டார்கள் என்று அவரிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னர் அந்தப் பதிவை அந்தப் பெட்டியின் வழியாகவே ஒலிக்கச் செய்யுங்கள். ஊர்ப் பெயர் எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் சிறுவிளக்கு எரியும். அதைக் கேட்டு வளர்ந்தவரின் குரலே அதிலிருந்து வரும். சென்னையிலிருந்து தங்கவயலுக்கு வந்த தமிழை அவர் கேட்டார். தங்கவயலிலிருந்து அவர் சொல்வதை இனி அவர் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். செருகாதீர்கள், விற்காதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, அது யாருடையது, எந்த ஊரில் எப்போது வாங்கியது என்று எழுதி அதனுள்ளே வையுங்கள். மற்ற வேலைகளெல்லாம் அதன் பிறகு.